சேம அச்சு

பம்மலில் வசிக்கும் நண்பர் ஒருவர், நம் வாசக வட்டத்தின் பழைய உறுப்பினர், பணி ஓய்வு பெற்ற கையோடு பழைய வேன் ஒன்றை வாங்கினார். இருக்கைகளைக் கழற்றிவிட்டு இரண்டு படுக்கைகள், ஒரு சிறு சமையல் மேடை, கூரைமேல் 200 லிட்டர் தண்ணீர்த் தொட்டி, மின்விசிறிக்கும் விளக்குக்கும் தனி பேட்டரி என்று மாற்றியமைத்தார். பாடல் பெற்ற தலங்களையெல்லாம் விடுதி தேடி அலையாமல் பார்த்து முடிப்பது அவருடைய நெடுநாள் கனவு. தெருமுனைத் தேநீர்க் கடையில் அந்த வண்டிக்குச் 'சினிமா வண்டி' என்று பெயர் விழுந்தது. கேரவன் என்றால் நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டி என்றுதானே நம் ஊருக்குத் தெரியும்!

முதல் பயணம் அச்சிறுபாக்கத்துக்கு. நாமும் உடன் சென்றோம். பல்லாவரத்தில் ஜி.எஸ்.டி. சாலையைப் பிடித்துத் தாம்பரம், செங்கல்பட்டு, மதுராந்தகம் என்று தெற்கே ஒரே சாலைதான். மதுராந்தகத்தை நெருங்கும்போது முன்னால் சென்ற பேருந்து வேகத்தைக் குறைத்தது. நண்பர் பிரேக்கை மிதித்தார். கட்டை இறங்கவில்லை. சமையல் மேடையிலிருந்து விழுந்து உருண்டு வந்த தண்ணீர் பாட்டில் ஒன்று மிதிகட்டைக்கு அடியில் போய்ச் சிக்கிக்கொண்டிருந்தது. கைப்பிரேக்கை இழுத்து, இடப்பக்க மண்பாதையில் வண்டியை இறக்கி நிறுத்தியபோது பேருந்துக்கும் நமக்கும் இடையில் ஒரு முழ இடைவெளிகூட இருந்திராது.

ஐந்து நிமிடம் யாரும் பேசவில்லை. பிறகு நண்பர்தான் வாயைத் திறந்தார்: "எதுக்கெடுத்தாலும் சங்கப் பாட்டுல இருக்குன்னு சொல்வீங்களே சார், இது இருக்கா?"

கேலியாகத்தான் கேட்டார். ஆனால் இருக்கிறது. வீடு திரும்பிப் பத்துப்பாட்டை எடுத்துப் புரட்டிய பிறகுதான், பலமுறை படித்த ஒரு பகுதியை நாம் அதுவரை சரியாகப் படித்திருக்கவில்லை என்பது தெரிந்தது.

பெரும்பாணாற்றுப்படையின் பாட்டுடைத் தலைவன் காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையன். பாடியவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார். பம்மலும் பல்லாவரமும் தாம்பரமும் அடங்கிய தொண்டை நாட்டின் பாட்டு அது. பாணன் செல்ல வேண்டிய வழியைச் சொல்லத் தொடங்கிய புலவர், நெடுவழியில் எதிர்ப்படும் உமணர்களின் உப்பு வண்டியைக் காட்டுகிறார். உமணர் என்போர் நெய்தல் நிலத்தில் உப்பைக் கொண்டு, வண்டியில் ஏற்றி, உள்நாடு முழுவதும் விற்றுத் திரிந்த வணிகர்கள். அந்த வண்டிக்கு அவர் ஒதுக்கியிருக்கும் இடம் ஏறக்குறைய இருபது அடிகள்.

சக்கரத்தில் தொடங்குகிறார். பருத்த வட்டை, அதில் செருகிய ஆரக்கால்கள், முழவு போன்ற குடம். பிறகு கணைய மரங்களைச் சேர்த்தாற்போன்ற பார். அதன்மேல் மழைமேகத்தைச் சுமந்த குன்றுபோலக் கூரை. தினைப்புனம் காப்பவர்கள் யானைக்கு அஞ்சிக் கட்டிக்கொள்ளும் குடிசையை அது நினைவூட்டுகிறதாம். வாயிலில் கோழிக்கூடு. பக்கத்தில் ஒரு சிற்றுரல் கட்டித் தொங்கவிடப்பட்டிருக்கிறது. இளம் பிடியானையின் முழங்கால் போன்றது. வண்டியின் மூக்கில் காடி வைத்த கலம், கூத்தாடும் பெண்களின் இசைக்கருவியை வாரால் இறுக்கியதுபோலக் கயிற்றால் பிணிக்கப்பட்டிருக்கிறது. கைக்குழந்தையோடு ஒரு பெண் எருதுகளை ஓட்டுகிறாள். வேப்பந்தழைக் கண்ணி சூடிய வலிய ஆடவர்கள் வண்டி வரிசையின் இருபுறமும் காவலாக நடக்கிறார்கள்.

கூரை, கோழி, உரல், ஊறிய உணவு, குழந்தை. இதைச் சரக்கு வண்டி என்று மட்டும் எப்படிச் சொல்வது? குடும்பமே குடியிருந்து நகர்ந்த வீடு அது. ஐரோப்பியர்கள் இன்பப் பயணத்துக்கான முதல் கேரவன் என்று 1885இல் டாக்டர் கார்டன் ஸ்டேபிள்ஸுக்காக பிரிஸ்டலில் கட்டப்பட்ட 'வாண்டரர்' என்னும் குதிரை வண்டியைக் கொண்டாடுவார்கள். அவர் அதில் பயணம் செய்து மறு ஆண்டு ஒரு நூலும் எழுதினார். உமணர்கள் இன்பப் பயணம் போகவில்லை, பிழைப்புக்காகப் போனார்கள். நூலெழுதவும் இல்லை. அவர்களுக்கும் சேர்த்துப் புலவர்கள் எழுதினார்கள்.

சிறுபாணாற்றுப்படை இன்னும் ஒரு படி மேலே போய், உமணர் வண்டியோடு கூடவே வந்த குரங்கையும் காட்டுகிறது. அந்தக் குரங்கு உமணர் பிள்ளைகளோடு சேர்ந்து, முத்திட்ட கிளிஞ்சலைக் கிலுகிலுப்பையாக ஆட்டி விளையாடுகிறது. அது கொற்கையைப் பாடும் பகுதியில் வரும் காட்சி. எயிற்பட்டினத்துக்குச் செல்லும் வழியும் அதே பாட்டில் உண்டு. இன்றைய மரக்காணம்தான் எயிற்பட்டினம் என்பது ஆய்வாளர் பலரின் முடிபு. அங்கே இன்றும் உப்பளங்கள் இருக்கின்றன.

நாம் அதுவரை சரியாகப் படிக்காமல் விட்டது எதை? கட்டிய கயிற்றை. உரல் வண்டிக்குள் கிடக்கவில்லை, 'தூங்கத் தூக்கி'யிருக்கிறது. காடிக் கலம் சும்மா வைக்கப்படவில்லை, பிணிக்கப்பட்டிருக்கிறது. வாரால் இறுக்கிய இசைக்கருவி என்ற உவமையை அழகுக்காக வந்தது என்றே இத்தனை நாளும் எண்ணியிருந்தோம். எவ்வளவு இறுக்கமாகக் கட்டினார்கள் என்பதற்கான அளவுகோல் அது. தோற்கருவியின் வார் தளர்ந்தால் ஓசை கெடும். காடிக் கலத்தின் கயிறு தளர்ந்தால் எருதின் காலடியில் போய் உடையும். நம் நண்பரின் தண்ணீர் பாட்டிலை யாரும் கட்டவில்லை.

வீட்டில் ஒரு பொருளை வைத்தால் வைத்த இடத்தில் இருக்கும். ஓடும் வண்டியில் இருக்காது. வண்டி நின்றாலும் பொருள் நிற்க விரும்பாது. அறுபது கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் போடும்போது குக்கர் அதே வேகத்தில் முன்னால் போகும். புதிதாகக் கேரவன் வாங்குவோர் அலமாரிக்குக் காந்தப் பூட்டுப் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். காந்தம் திறக்காமல் தடுப்பது எறும்பைத்தான். கொண்டியுள்ள தாழ்ப்பாள் வேண்டும். கனமான பொருள்கள் தரையோடு ஒட்டிய அறைகளில் இருக்க வேண்டும். ஓட்டுநரின் இருக்கைக்கும் பின்பகுதிக்கும் இடையே ஒரு குறுக்குத் தடுப்பு வேண்டும். நண்பரின் வண்டியில் இந்தத் தடுப்பு இல்லை. மாற்றியமைத்துக் கொடுத்த பட்டறையில் கேட்டதற்கு, அப்படி யாருமே கேட்பதில்லை என்றார்களாம்.

அடுத்து சுமை. மயிற்பீலியே ஆனாலும் அளவு மீறி ஏற்றினால் அச்சு முறியும் என்ற பொருளில் வள்ளுவர் எழுதிய குறளை நாமெல்லாம் பள்ளியில் வலியறிதல் அதிகாரத்தில் படித்துத் தேர்வெழுதியிருக்கிறோம். பகைவரின் வலிமையைக் கணக்கிடச் சொல்லும் குறள் அது. ஆனால் சாகாட்டின் அச்சு முறிவதைக் கண்ணால் கண்டவர்கள் வாழ்ந்த உலகத்தில்தான் அந்த உவமை பிறந்திருக்கும். நண்பர் கூரைமேல் வைத்த தொட்டியில் தண்ணீர் நிரம்பினால் 200 கிலோ. தரையில் வைத்தாலும் எடை அதே 200 கிலோதான். ஆனால் உச்சியில் இருக்கும் 200 கிலோ, வளைவில் திரும்பும்போது வண்டியைச் சாய்க்கப் பார்க்கும். தொட்டி பாதி நிரம்பியிருந்தால் இன்னும் மோசம், தண்ணீர் அலைமோதும். படுக்கை, மரப்பலகை, பேட்டரி, அடுப்பு, புத்தகங்கள் (நண்பர் ஒரு பெட்டி தேவார உரைகளை ஏற்றியிருந்தார்) எல்லாம் சேர்ந்து எவ்வளவு எடை என்று யாரும் நிறுத்துப் பார்ப்பதில்லை. முழுதாக ஏற்றிய வண்டியை ஒருமுறை எடைமேடையில் நிறுத்திப் பார்த்து, பதிவுச் சான்றில் குறித்த உச்ச எடையோடு ஒப்பிட்டால் போதும். ஆகும் செலவு ஒரு வேளைச் சிற்றுண்டிக் காசுதான்.

அச்சு என்றதும் நாம் போய்க்கொண்டிருந்த ஊரின் பெயரே நினைவுக்கு வருகிறது. திரிபுரம் எரிக்கப் புறப்பட்ட சிவபெருமானின் தேர், விநாயகரை வணங்காமல் கிளம்பியதால் அச்சு முறிந்து நின்ற இடம் என்பது தலபுராணம். அச்சு இற்ற பாக்கம், அச்சிறுபாக்கம். ஞானசம்பந்தர் பாடிய தலம். வேதங்களைக் குதிரைகளாகவும் பிரமனைச் சாரதியாகவும் கொண்ட தேருக்கே சாலையில் இது நேர்ந்தது என்றால், நம்முடையதைப் பற்றி என்ன சொல்ல? அன்று சந்நிதியில் நின்ற நண்பர் வழக்கத்தைவிட நீண்ட நேரம் கும்பிட்டார்.

புராணத்தில் பிள்ளையார் வந்து சரிசெய்தார். உமணர்கள் அப்படி யாரையும் நம்பிப் புறப்படவில்லை. புறநானூற்றின் 102ஆம் பாட்டில் ஔவையார் அதியமானின் மகன் பொகுட்டெழினியைப் பாடுகிறார். எருதுகளோ நுகம் பழகாத இளையவை. வண்டியிலோ பண்டம் நிறைய ஏற்றியாயிற்று. பள்ளத்தில் இறங்க வேண்டும், மேட்டில் ஏற வேண்டும். வழியில் என்ன நேரும் என்று யார் கண்டது? ஆகவே உமணர்கள் அச்சுமரத்தின் கீழே இன்னொரு அச்சைச் சேர்த்துக் கட்டிக்கொள்கிறார்கள். அதற்குச் சேம அச்சு என்று பெயர். எழினி, நீ அந்தச் சேம அச்சுப் போன்றவன் என்கிறார் ஔவை.

அரசிளங்குமரனை உவமிக்கச் சிங்கமும் ஞாயிறும் கைக்கெட்டும் தொலைவில் இருக்க, வண்டியின் வயிற்றில் கட்டிய ஒரு மரத்துண்டை எடுத்துக்கொண்ட புலவரை என்னவென்பது! அவர் ஊர் ஊராக நடந்தவர். முறிந்த வண்டியருகே இருட்டில் உட்கார்ந்திருந்த குடும்பங்களைப் பார்த்திருப்பார் என்றே நமக்குத் தோன்றுகிறது. அந்தப் பாட்டில் இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. எருது இளையது, சுமை மிகுதி, வழி மேடுபள்ளம் என்று ஆபத்துக்கான காரணங்கள் வரிசையாக, ஒன்றன்மேல் ஒன்றாக வருகின்றன. விபத்து ஒற்றைக் காரணத்தால் வருவதில்லை என்பது ஔவைக்குத் தெரிந்திருக்கிறது.

நம் காலத்தின் சேம அச்சு மாற்று டயர். மாற்று டயர் இருப்பது வேறு, அது உதவுவது வேறு. கேரவன் மாதக்கணக்கில் நிற்கும் வண்டி. டயர் ஓடித் தேய்வதற்கு முன்பே வெயிலிலும் நிற்பதிலும் கெட்டுவிடும். டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். முதல் இரண்டு இலக்கம் வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. நண்பரின் டயர்களில் 1416 என்றிருந்தது. 2016ஆம் ஆண்டின் பதினான்காம் வாரம்! மேற்பட்டை புதுசுபோல இருக்கிறதே என்று அவர் வாதாடிப் பார்த்தார். பக்கச் சுவரில் மயிரிழைபோல ஓடிய வெடிப்புகளை விரலால் தொட்டுக் காட்டிய பிறகு அடங்கினார். மாற்று டயரும் அதே வயது.

தாம்பரம் பக்கத்துக் கிராமங்களில் மாட்டுவண்டி ஓடிய காலத்தைப் பார்த்தவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். பல்லாவரம், திருநீர்மலைப் பக்கத்துக் கல்குவாரிகளிலிருந்து கல் ஏற்றிச் சென்ற வண்டிகளைப் பற்றிச் சொல்லுவார்கள். வைக்கோற் கரியையும் விளக்கெண்ணெயையும் குழைத்த வண்டி மை ஒரு மூங்கில் குழாயில் அடியில் தொங்கும். புறப்படுமுன் கடையாணியைத் தட்டிப் பார்ப்பதும், சக்கரத்தைக் கழற்றி மை போடுவதும், இரவானால் அடியில் அரிக்கேன் விளக்கு மாட்டுவதும் யாரும் சொல்லித்தந்து வந்ததல்ல. இன்று சர்வீஸுக்கு விட்டுவிட்டோம் என்ற நினைப்பில் நாம் குனிந்து பார்ப்பதையே விட்டுவிட்டோம்.

இளந்திரையனைப் பற்றிச் சொன்னோம். அவன் புலவனும்கூட. புறநானூற்றின் 185ஆம் பாட்டு அவன் பெயரில் உள்ளது. சக்கரமும் பாரும் கோத்து உலகில் ஓடும் வண்டியை ஓட்டுபவன் திறமுடையவனானால் வழி இனிதாகும்; ஓட்டத் தெரியாதவனானால் அது சேற்றில் சிக்கித் துன்பத்தின்மேல் துன்பம் தரும் என்பது அதன் கருத்து. ஆட்சிக்குச் சொன்ன உவமைதான். ஆனாலும் அரசன் சேற்றில் சிக்கிய வண்டியை எங்கோ அருகிலிருந்து பார்த்திருக்கிறான். அகநானூற்றின் 140ஆம் பாட்டிலும் உமணப் பெண்ணின் தந்தை சேற்றிலிருந்து வண்டியை மீட்கிறான். அதை இழுக்கும் எருதின் பெருமூச்சு தலைவனின் பெருமூச்சுக்கு உவமையாகிறது. காரோட்டி வந்தவர் கேரவனை ஓட்டும்போது முதலில் மறப்பது அதன் உயரத்தையும் நீளத்தையும். அடுத்து மறப்பது இறக்கத்தை. எழுபது கொண்டையூசி வளைவுகள் கொண்ட கொல்லிமலைச் சாலையில், ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்பது லாரி ஓட்டுநர்களின் பாலபாடம். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் அது சூடேறி, தேவைப்படும் வளைவில் கைவிட்டுவிடும்.

இதுவரை சொன்னவற்றில் உமணர்களுக்குத் தெரியாதது அதிகமில்லை. அவர்களுக்குத் தெரியாத ஆபத்து ஒன்று உண்டு. அவர்கள் வண்டியை நிறுத்தி, இறங்கி, கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டினார்கள். அவர்கள் விட்டுப்போன கல்லடுப்புகள் பாலை நிலத்தில் கிடப்பதை அகப்பாடல்கள் சொல்லுகின்றன. நாம் அடுப்பை வண்டிக்குள் ஏற்றிவிட்டோம், கதவையும் சாத்திக்கொண்டோம்.

2023 ஆகஸ்ட் 26 விடியற்காலையில் மதுரை ரயில் நிலையப் பகுதியில் நிறுத்தப்பட்டிருந்த தனிச் சுற்றுலாப் பெட்டி ஒன்று தீப்பற்றி எரிந்தது. உத்தரப் பிரதேசத்திலிருந்து யாத்திரை வந்தவர்கள் அதிலேயே தங்கி, அதிலேயே சமைத்துச் சாப்பிட்டு வந்தார்கள். விதியை மீறி உள்ளே கொண்டுவரப்பட்டிருந்த எரிவாயு சிலிண்டர்தான் காரணம் என்றது ரயில்வே. ஒன்பது பேர் இறந்தார்கள். ராமேஸ்வரமும் நாகர்கோவிலும் பார்க்க ஆசைப்பட்டு, சக்கரத்தின்மேல் வீடு கட்டிக்கொண்டு வந்தவர்கள். நம் நண்பரின் கனவுக்கும் அவர்களுடைய கனவுக்கும் பெரிய வேறுபாடு இல்லை.

2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில், சாலையோரம் நின்றிருந்த கேரவனுக்குள் இருவர் பிணமாகக் கிடந்தார்கள். தீயில்லை, காயமில்லை. ஏ.சி.க்காக ஜெனரேட்டரை ஓடவிட்டுத் தூங்கியிருக்கிறார்கள். அதன் புகையிலிருந்த கார்பன் மோனாக்சைடு தரைத்தளத்தின் இடைவெளி வழியே உள்ளே புகுந்தது என்று பின்னர் நடந்த சோதனையில் தெரியவந்தது. இந்த வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. தூங்குபவரை எழுப்பாது. சமையல் எரிவாயுவாவது பரவாயில்லை. கசிந்தால் தெரியட்டும் என்றே அதில் நாற்றத்தைக் கலந்திருக்கிறார்கள். ஆனால் அது காற்றைவிடக் கனமானது. மேலே சன்னலைத் திறந்து வைத்தாலும் தரையில் குளம்போலத் தேங்கி நிற்கும். ஆகவே சிலிண்டர் வைக்கும் அறை வசிப்பறையோடு தொடர்பில்லாமல் அடைக்கப்பட்டிருக்க வேண்டும். அதன் அடித்தளத்தில் வெளியே திறக்கும் துளை வேண்டும். சிலிண்டர் நிமிர்ந்து நிற்க வேண்டும், கட்டியிருக்க வேண்டும், வண்டி ஓடும்போது மூடியிருக்க வேண்டும். படுக்கையருகே கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஒன்று வேண்டும். எஞ்சினோ ஜெனரேட்டரோ ஓடிக்கொண்டிருக்கும் வண்டிக்குள் தூங்கவே கூடாது.

உள்ளே இருப்பது நாம். ஆகவே இதில் சட்டம் கொஞ்சம் கடுமையாக இருப்பதைக் குறைசொல்ல நமக்கு மனமில்லை. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவு செய்த வண்டியின் அமைப்பை உரிமையாளர் தம் விருப்பம்போல மாற்றுவதைத் தடுக்கிறது. மாற்றத்துக்கு முறைப்படி ஒப்புதல் பெற்றுப் பதிவுச் சான்றில் ஏற்றாவிட்டால், விபத்து நேரும் நாளில் காப்பீட்டு நிறுவனம் கேட்கும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

நற்றிணையில் 138ஆம் பாட்டில் ஒரு வண்டி வருகிறது. நிலையில்லாத வாழ்க்கையை உடைய உமணர்கள், இனி உதவாது என்று வழியில் விட்டுப்போன பழைய பார். கட்டுக் குலைந்து கிடக்கும் அதில் வெண்ணிறக் குருகு முட்டையிடுகிறது. சேம அச்சு கட்டியவர்களுக்கும் ஒருநாள் அப்படி விட்டுப்போக நேர்ந்திருக்கிறது.

நண்பரின் வண்டி மூன்று மாதம் வீட்டுச் சுவரோரமாக நின்றது. விற்றுவிடச் சொல்லி வீட்டில் ஒரே பிடிவாதம். கூடு கட்டக் குருகு வரவில்லை; தெருநாய் ஒன்று அடியில் நான்கு குட்டி போட்டது. அவை கண் திறந்து ஓடத் தொடங்கும்வரை வண்டியை எடுக்க மனமில்லாமல் இருந்தார். அதற்குள் தொட்டி கூரையிலிருந்து படுக்கைக்கு அடியில் இறங்கியது. ஐந்து டயரும் மாறின. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் அலைந்து, சரிவில் சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்க இரண்டு தேக்குக் கட்டைகளும், கனமான கயிறும் வாங்கி வந்தார். தேவார உரைகளில் பாதி வீட்டிலேயே தங்கிவிட்டன.

சென்ற வாரம் தொலைபேசியில் அழைத்தார். மரக்காணம் போகலாமா என்று கேட்டார். நாம் பதில் சொல்வதற்குள், "தண்ணி பாட்டிலக்கூடக் கட்டிட்டேன் சார்" என்றார்.